கரைத்துக் கொடுத்த சந்தனம்

பாவில் பாதியைக் காணோம்.

தமயந்தி கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். வலப்பக்கத்து நூலெல்லாம் இருந்தது. இடப்பக்கம் இல்லை. அறுந்திருந்தால் முனை தொங்கும். இது அப்படி இல்லை. நூல் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ வெள்ளையாக மின்னியது. சேலைக் கரையில் விடுகிற தாழம்பூ ரேக்கு போலப் பல் பல்லாக நெளிந்து, மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அவளுக்கு உள்ளங்கை வேர்த்து, விரலில் தொட்டிருந்த சாம்பல் குழம்பாகிவிட்டது.

அவள் செய்துகொண்டிருந்தது பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல், பிணைக்கிற வேலை. தறியில் ஓடி முடிந்த பழைய பாவின் முனையோடு புதுப் பாவின் முனையைச் சேர்த்து, சாம்பல் தொட்டு, ஒவ்வோர் இழையாக முறுக்கிவிட வேண்டும். தறிக்குப் பின்னால் முதுகை வளைத்து உட்கார்ந்தால் பாவு முடிகிறவரை கழுத்தை நிமிர்த்த முடியாது. அம்மையார்குப்பத்தில் அவளைவிட வேகமாகப் பிணைக்கிறவள் இல்லை என்று தறி வைத்திருப்பவர்களே சொல்வார்கள். சொல்லிவிட்டு இன்னொரு பாவை அவள் முன்னால் தள்ளுவார்கள்.

துளசிங்கத்தின் விசைத்தறி ஷெட்டில் மற்றத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தலைவலி உண்டு. அதற்குத் துளசிங்கம் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். டீ வருகிறபோது தட்டில் தலைவலி மாத்திரையும் வரும். வேண்டியவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது. மற்ற முதலாளிகள் வெற்றிலை கொடுத்தார்கள், இவர் மாத்திரை கொடுத்தார். ஊர் அவரைத் தருமவான் என்றது. நம் பக்கத்தில் தருமவான் பட்டம் வாங்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை.

தமயந்தி ஆரம்பத்தில் எப்போதாவது ஒன்று போட்டுக்கொண்டாள். பிறகு தினம் ஒன்று. இப்போது பல் விளக்குமுன் ஒன்று, டீக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று. முந்தானை முடிச்சில் எப்போதும் கையிருப்பு இருக்கும். போட்டால் வலி கொஞ்சம் விடும், பிறகு போன வேகத்தில் திரும்பி வரும். சீப்பு பட்டால் மண்டைத் தோலே எரிகிறது என்று அவள் தலை வாருவதைக்கூட விட்டுவிட்டாள். முடி சிக்குப் பிடித்துக் கிடந்தது.

வலியைவிட அவளுக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் கஜபதி.

கஜபதி அவளுடைய அண்ணன். அவனும் தறிக்காரன்தான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தலைவலி தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தான். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்றார்கள். சாராயம் என்றார்கள். ‘நைனா, தலை வலிக்குது’ என்று வந்து நின்றவனைப் பெற்ற தகப்பனே, ‘போய் தண்டவாளத்துல வெச்சிக்கோ’ என்று ஏசினார். கண் தெரியாமல் கதவில் மோதி விழுந்த பிறகுதான் மெட்ராசுக்குக் கூட்டிப்போனார்கள். மண்டைக்குள் கட்டி, முற்றிவிட்டது என்று சொன்னார்கள். காலையில் தலையை மழித்து உள்ளே கொண்டுபோனார்கள். அந்த மொட்டைத் தலையைத்தான் தமயந்தி கடைசியாக உயிரோடு பார்த்தது. அதிலிருந்து மழித்த தலையைக் கண்டாலே அவளுக்கு நெஞ்சு அடைக்கும். மொட்டை கண்ணில் படாமல் திருத்தணிப் பக்கம் குடித்தனம் செய்வது எத்தனை கஷ்டம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணில் மின்னியது ஓரமாக ஒதுங்கியதும் வலி வந்து இறங்கியது. அவள் தறிக்குப் பின்னாலேயே சரிந்து வாந்தி எடுத்தாள். எதிர்வரிசையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் நாகேந்திரன் தறியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிவந்து அவள் காதருகே கத்தினான்.

“தமயந்தி! இன்னாமே ஆச்சு?”

“பாவா, கண்ணு தெரியல. பாதிதான் தெரியுது. உன் மூஞ்சியே பாதிதான் கீது.”

நாகேந்திரன் அவளுக்கு அத்தை மகன். பாவாடை கட்டின காலத்திலிருந்து அவனை அவள் பாவா என்றுதான் கூப்பிட்டாள், கல்யாணத்துக்கு அப்புறமும் அது மாறவில்லை. அவன் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். ‘கஜபதிக்கும் இப்பிடித்தான் கண்ணு போச்சி’ என்று அவன் மனசு சொல்லிக்கொண்டே வந்தது. வாயால் சொல்லத் தைரியம் இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து அவனுடைய அக்கா ஞானம்மாள் வந்து பார்த்தாள். புருஷன் போனபிறகு தம்பி வீட்டையும் சேர்த்து ஆள்கிறவள். நல்ல மனசு, வாய்தான் ஓயாது.

“சாமி குத்தம்டா தம்பி. வேற இன்னா? ஆடிக் கிருத்திகை வருது. மலைக்கு இட்டுகினு போய் முடி குடுத்துட்டு வா. நான் வேண்டிகினு மஞ்சத் துணில காசு முடிஞ்சி வெச்சிட்டேன்.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த தமயந்தி எழுந்து உட்கார்ந்தாள்.

“அண்ணி, என் தலைல கத்தி பட்டா நான் செத்துடுவேன். சொல்லிட்டேன்.”

“சாமிக்குக் குடுக்கறதும் ஆஸ்பத்திரில எடுக்கறதும் ஒண்ணாடி?”

“எனக்கு ஒண்ணுதான்.”

ஞானம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஞானம்மாள் பேசாமல் போனாள் என்றால் அவளும் பயந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அந்த வாரம்தான் ஒலிபெருக்கி கட்டின கார் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஊருக்குள் வந்தது. தேசியத் தலைவலி மருத்துவச் சங்கமாம். டெல்லி, பம்பாய், மெட்ராஸ் என்று எல்லா ஊர் டாக்டர்களும் சேர்ந்து நடத்துகிறதாம். கிருத்திகை முடிந்த ஞாயிற்றுக்கிழமை திருத்தணியில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் என்று நோட்டீஸ் வீசிவிட்டுப் போனார்கள். ஷெட்டில் டீ நேரத்துக்கு அது நல்ல தீனியாயிற்று.

“தலைவலிக்குக்கூடவா சங்கம்?” என்றார் துளசிங்கம். “நம்ம நெசவாளர் சங்கம் நூல் குடுக்குது. இவங்க இன்னா குடுப்பாங்க, தலைவலியா?”

எல்லாரும் சிரித்தார்கள். நாகேந்திரன் மட்டும் நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

தமயந்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“தலைய தொறப்பாங்களா?”

“சேச்சே. சும்மா கேள்வி கேக்கற டாக்டருங்க. கத்தி கெடையாதுன்னு நோட்டீஸ்லயே போட்டுகீது.”

நோட்டீசில் அப்படி ஒன்றும் இல்லை. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே நேரமாகும் என்ற தைரியத்தில் சொன்னான்.

திருத்தணியில் இறங்கினபோது கிருத்திகைக் கூட்டம் முழுக்கக் கலையவில்லை. காவடிகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. பஸ் நிலையத்தில், பூக்கடையில், டீக்கடையில் எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசின மொட்டைத் தலைகள். தமயந்தி முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு, புருஷனின் சட்டை நுனியைப் பிடித்தபடி குருடி மாதிரி மண்டபத்துக்கு வந்து சேர்ந்தாள். உள்ளே பெஞ்சுகளிலும் அதே மொட்டைகள். முருகனிடம் சொல்லிவிட்டு அப்படியே டாக்டரிடமும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தவர்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மெட்ராசிலிருந்து வந்திருந்த டாக்டர் சந்திரா நாற்பது வயதைத் தாண்டியவர். பருத்திச் சேலை, குட்டையான உருவம். கூட்டத்தைப் பார்க்க ஆரம்பிக்குமுன் எழுந்து நின்று கொஞ்சம் பேசினார்.

“தலைவலின்னா வீட்டுல நம்ப மாட்டாங்க. வேலை செய்யற எடத்துல நம்ப மாட்டாங்க. டாக்டர்கிட்ட போனா அவரும் பாதி நேரம் நம்ப மாட்டார். அவரைச் சொல்லியும் குத்தமில்ல, காலேஜ்ல எங்களுக்கே இதைப் பத்தி அதிகமா சொல்லித் தரல. ஜுரம்னா தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கலாம். தலைவலிக்கு அப்படி ஒண்ணும் கெடையாது. நீங்க சொல்றதுதான் அளவு. அதுக்காகத்தான் நாங்க சங்கம் வெச்சிருக்கோம். ஊர் ஊரா போய் டாக்டருங்களுக்குச் சொல்லித் தர்றோம். ஆபத்தான தலைவலி எது, ஆபத்தில்லாதது எதுன்னு பிரிச்சுப் பாக்கறோம். கண்டபடி மாத்திரை முழுங்காதீங்கன்னு கத்தறோம். எல்லாத்துக்கும் முன்னாடி, வலிக்குதுன்னு சொல்றவங்கள நம்பறோம்.”

கடைசி வார்த்தையில் தமயந்தி கண்ணைத் திறந்தாள். இந்த அம்மாள் கொஞ்சம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். கஜபதி வந்து நின்றால் நம்பியிருப்பாளே!

அவள் முறை வந்தது. இத்தனை கேள்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்டதில்லை. எந்தப் பக்கம் வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறதா, சத்தம் பிடிக்கிறதா, மின்னுகிறது எவ்வளவு நேரம் இருக்கிறது, மாத்திரை எத்தனை. மாத்திரைக் கணக்கைச் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன விளக்கைப் பிடித்துக் கண்ணுக்குள் ரொம்ப நேரம் பார்த்தார்.

“உங்களுக்கு ரெண்டு இருக்கும்மா. ஒண்ணு ஒத்தைத் தலைவலி. அந்த மின்னல், பாதி மறையறது, வாந்தி எல்லாம் அதனாலதான். எப்பவாவது வரும், போயிடும். கண்ணு போகாது. இன்னொண்ணு தெனம் வர்ற வலி. அது அந்த மாத்திரையால வர்றது.”

“மாத்திரை போட்டாதானேங்க வலி போவுது?” என்றாள் தமயந்தி.

“போற மாதிரி போய், மாத்திரை எங்கன்னு கேட்டுக்கிட்டுத் திரும்பி வரும். அடியோட நிறுத்தணும். நிறுத்தினா மொதல்ல பயங்கரமா வலிக்கும். பயந்துடாதீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்தா கொஞ்ச நாள்ல விட்டுடும்.”

“வுடலன்னா?” என்று கேட்டான் நாகேந்திரன்.

“நிஜமாவே நிறுத்தியும் விடலன்னா, உள்ள வேற ஏதாவது இருக்கான்னு பாக்கணும். மெட்ராசுக்கு வரணும். இங்க மாசா மாசம் வருவேன். அடுத்த மாசம் வந்து காட்டுங்க.”

வாந்திக்கு ஒரு மருந்து மட்டும் கொடுத்து அனுப்பினார்.

தமயந்தி அன்றைக்கே முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாக்கடையில் கொட்டினாள். ஷெட்டில் மாத்திரைத் தட்டை நகர்த்திவிட்டு டீயை மட்டும் எடுத்தாள். துளசிங்கத்துக்கு விஷயம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தார். “மாத்திரையால தலைவலி வருதுன்னுச்சா அந்தம்மா? நாளைக்கு சோத்தாலதான் பசி வருதுன்னும் சொல்லும்.”

முதல் நாள் தாக்குப்பிடித்தாள். மறுநாள் ஷெட்டுக்குப் போக முடியவில்லை. அதற்கும் மறுநாள் மத்தியானம், மேகம் கட்டிக்கொண்டு மழை பெய்யாமல் புழுங்கின வேளையில், கேழ்வரகுக் களியும் கடலைத் துவையலும் அப்படியே ஈ மொய்த்துக் கிடக்க, அவள் கூடத்துத் தூணில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.

“கட்டிதான் பாவா. அந்தம்மாவுக்குத் தெரியல. கஜபதி இப்பிடித்தான் முட்டிகினான். என்ன மெட்ராசுக்கு மட்டும் அனுப்பாத. இங்கியே செத்துப் போறேன்.”

“இல்லமே, டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? மொதல்ல இப்பிடித்தான் வலிக்குமாம். பொறுத்துக்கோ.”

“நீ பொறுத்துக்கோ! ஒன் மண்டையில இத வெச்சிகினு நீ பொறுத்துக்கோ!”

ஞானம்மாள் ஓடிவந்தாள். கிருத்திகைக்கு மலையேறிவிட்டு அவள் கொண்டுவந்த சந்தனம் ஒரு பித்தளைச் சிமிழில் இருந்தது. மொட்டைத் தலையில் பூசுகிற சந்தனம் வேறு, இந்தத் திருத்தணிப் பிரசாதச் சந்தனத்தை நெற்றியில்கூட இட்டுக்கொள்கிற வழக்கம் கிடையாது. சாமி மேல் சாத்தினது. தண்ணீரில் கரைத்துக் குடித்தால் வியாதி தீரும் என்பார்கள்.

“இத கரைச்சிக் குடுடா. முடிதான் குடுக்க மாட்டேன்றா, இதையாச்சும் குடிக்கட்டும்.”

நாகேந்திரன் சிமிழையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். குனிந்து தண்ணீர் எடுத்தபோது சட்டைப் பையிலிருந்து மாத்திரை ஒன்று கீழே விழுந்தது. காலையில் டீத் தட்டிலிருந்து தனக்கென்று எடுத்து, போட மறந்தது. உள்ளேயிருந்து தூண் அதிர்கிற சத்தம் கேட்டது. அவன் மாத்திரையைப் பார்த்தான். சிமிழைப் பார்த்தான். துணி துவைக்கிற கல்லில் வைத்து டம்ளரின் அடியால் நசுக்கி, பொடியைச் சந்தனத்தோடு போட்டு விரலால் கலக்கினான்.

“முருகா, இது ஒன் சந்தனம்,” என்று முணுமுணுத்தான். “இதுல எது வுழுந்தாலும் இனிமே அது ஒன்னுதுதான். மாத்திரை இல்ல, பிரசாதம்.”

அந்த நேரத்தில் அவன் அதை மனசார நம்பினான். அவனைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. கட்டினவள் தூணில் மண்டையை முட்டிக்கொண்டிருக்கும்போது, கையில் இருக்கிற சாமியையும் மருந்தையும் தனித்தனியாக வைத்துப் பார்க்கிறவன் எத்தனை பேர்?

தமயந்தி ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கசக்குது பாவா.”

“சந்தனம்னா கொஞ்சம் கசக்கத்தாண்டி செய்யும்,” என்றாள் ஞானம்மாள். “கண்ண மூடிகினு குடி.”

தமயந்தி நாகேந்திரனின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மீதியைக் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் வலி இறங்கியது. களியைச் சூடாக்கிச் சாப்பிட்டாள். ஞானம்மாள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் நாலு வீட்டிலிருந்து கிண்ணத்தோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கு நாகேந்திரன் வெறும் சந்தனம்தான் கொடுத்தான். அதைக் குடித்துவிட்டும் இரண்டு பேர் குணமானதாகச் சொன்னார்கள், அது வேறு கதை.

மறுநாள் காலையில் வலி வந்தது. சந்தனம் உள்ளே போனது. மத்தியானம் வந்தது. மறுபடி சந்தனம். நாகேந்திரன் டீத் தட்டிலிருந்து இப்போது கைநிறைய எடுத்தான். ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு மாத்திரை போடாமல் கரைத்துக் கொடுத்துப் பார்த்தான். பொழுது சாயுமுன் அவள் கை கால் உதறப் புரண்டாள். கிணற்றடிக்கு ஓடி, கண்ணீர் வழிய வழிய நசுக்கிக் கொண்டுவந்தான். ‘நிஜமாவே நிறுத்தியும் விடலன்னா’ என்ற டாக்டரின் வார்த்தை சாப்பிடும்போதும் தறி ஓட்டும்போதும் அவன் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம். தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா எகிறி விழுவதுகூடத் தெரியாமல் நின்றான். சிமிழ் தீரத் தீர ஞானம்மாள் மலையிலிருந்து வரவழைத்தாள்.

அடுத்த மாசமும் வந்துவிட்டது.

மண்டபத்தில் இந்த முறை கூட்டம் குறைவு. டாக்டர் சந்திரா அவளை அடையாளம் கண்டு சிரித்தார்.

“வாங்க தமயந்தி. மாத்திரை?”

“ஒண்ணுகூட வாய்ல போடலீங்க.”

“நல்ல காரியம் பண்ணீங்க. வலி?”

“தெனமும் கீதுங்க.”

டாக்டரின் சிரிப்பு நின்றது.

“தெனமுமா? கொஞ்சம்கூட கொறையலியா?”

“கொறையலீங்க.”

“பொடி, கஷாயம், வேற எதாவது சாப்பிடறீங்களா?”

“மலைச் சந்தனம் மட்டும்தான்.”

“அது இருந்துட்டுப் போகட்டும்.”

டாக்டர் மறுபடி விளக்கைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்த்தார். முட்டியில் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். நாற்காலியில் வந்து உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

“கண்ணுல ஒண்ணும் தெரியல. ஆனா எனக்கு மனசு கேக்கல. மாத்திரையை நிறுத்தின அப்புறமும் தெனம் வலின்னா நான் சும்மா விடக் கூடாது. மெட்ராசுல தலையைப் படம் எடுக்கற மிஷின் வந்திருக்கு. நாளைக்கே போயிடுங்க. எழுதித் தரேன்.”

“அம்மா, ஒண்ணும் இருக்காது இல்ல?” என்றான் நாகேந்திரன்.

“இல்லாம இருக்கலாம். மாத்திரை போடலன்னு அவங்க சொல்றதை நான் நம்பறேன். நம்பறதனாலதான் பயப்படறேன்.”

தமயந்தி முக்காட்டுக்குள்ளிருந்து மெதுவாகக் கேட்டாள்.

“மொட்டை அடிப்பாங்களா?”

“படம் எடுக்க முடியைத் தொட மாட்டாங்கம்மா. அப்புறம் ஏதாவது இருந்துச்சுன்னா...”

டாக்டர் முடிக்கவில்லை. தமயந்தி டாக்டரைப் பார்க்கவில்லை. திரும்பிப் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்காமல் பார்த்தாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. பேனா காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மழித்த தலையோடு கஜபதியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனது நாகேந்திரனின் கண்முன் வந்தது. அந்த வண்டியில் இப்போது தமயந்தி படுத்திருந்தாள்.

“எழுதாதீங்கம்மா!” என்று கத்திவிட்டான்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது.

“அந்தச் சந்தனத்துல மாத்திரை கீதுங்க. நான்தான் நசுக்கிப் போட்டேன். அவ தூண்ல முட்டிகினா, என்னால பாக்க முடியல. அவளுக்குத் தெரியாது. அவ மேல தப்பில்ல. அடிக்கறதுன்னா என்ன அடிங்க.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“தெனமுமா?”

“தெனமும். மூணு வேளை, சில நாள் மேலயும் போவும்.”

“யாருக்குமே தெரியாதா?”

“முருகனுக்குத் தெரியுங்க.”

டாக்டருக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று சொல்ல முடியாது. முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

“இனிமே எனக்கும் தெரியணும்ப்பா. நீங்க மறைச்சா நான் இல்லாத கட்டியைத் தேடுவேன், இருக்கற கட்டியைத் தேடாம விட்டுடுவேன். எனக்கு வேற எதுவும் கெடையாது, நீங்க சொல்ற வார்த்தைதான்.”

எழுதின சீட்டை அவர் கிழிக்கவில்லை. மடித்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இது என்கிட்ட இருக்கட்டும். மறுபடி மொதல்லேர்ந்து நிறுத்துங்க. பார்வை திடீர்னு மங்கினாலோ, கை கால் இழுத்தாலோ அன்னிக்கே வந்துடுங்க. இல்லன்னா அடுத்த மாசம். அப்பவும் வலி இருந்தா இந்தச் சீட்டைக் கொடுப்பேன்.”

இருவரும் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். வெளியே அத்தனை நாள் ஏய்த்துக்கொண்டிருந்த மழை கொட்டியது. கண்டக்டர் ஜன்னலுக்குத் தார்ப்பாயை இறக்கிவிட, உள்ளே இருட்டாகி ஈரத் துணி வாடை அடித்தது. ஆர்.கே. பேட்டை தாண்டினதும் தமயந்தி சொன்னாள்.

“எனக்குத் தெரியும் பாவா.”

“இன்னா தெரியும்?”

“மாத்திரைன்னு. அத்தினி காலமா முழுங்கினவளுக்கு அந்தக் கசப்பு தெரியாதா? மொத மடக்குலயே தெரிஞ்சிபோச்சி.”

நாகேந்திரன் அவள் பக்கம் திரும்பினான்.

“அப்ப ஏன் குடிச்ச?”

“வலி பொறுக்கல. கேட்டா நீ நிறுத்திடுவன்னு கேக்கல. நானா போட்டாதானே தப்பு, நீ குடுத்தா நான் இன்னா செய்யறதுன்னு நெனச்சிகினேன்.”

“டாக்டரம்மா கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே?”

“நீ சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன்.”

“சொல்லாம இருந்திருந்தா?”

“உன்ன காட்டிக்குடுக்காம மெட்ராசுக்குப் போயிருப்பேன்.”

“மொட்டை அடிச்சிருப்பாங்களேடி...”

“ஆங்,” என்றாள்.

நாகேந்திரன் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். பஸ்ஸின் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

மறுபடி நிறுத்தினாள். டாக்டர் சொன்ன மாதிரியே வலி தவறாமல் வந்தது. வீடே அரண்டுபோய் உட்கார்ந்திருந்தது. நாகேந்திரன் வேலைக்குப் போகவில்லை. அவள் கை காலை நீட்டி மடக்கினால்கூட இழுக்கிறதோ என்று எழுந்து ஓடினான். விரலைக் காட்டி, “இது எத்தினி? முழுசா தெரியுதா?” என்று கேட்டுக்கேட்டு அவள் உயிரை எடுத்தான். வலி உச்சத்துக்குப் போன மத்தியானம் ஞானம்மாள் சிமிழைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

நாகேந்திரன் டம்ளரை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குக் கிளம்பினான்.

“பாவா,” என்றாள் தமயந்தி. தூணில் சாய்ந்திருந்தாள். பேசுவதே பெரும்பாடாக இருந்தது. “என் எதிர்ல கரை.”

அவன் அவள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ஞானம்மாள் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, சந்தனத்தை எடுத்துப் போட்டு, விரலால் கரைத்தான். பாவில் ஓடுகிற இழையைப் பார்க்கிற மாதிரி தமயந்தி அந்த விரலையே பார்த்தாள். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். வலி இருந்த இடத்திலேயே இருந்தது.

“இன்னிக்குக் கசக்கல,” என்றாள்.

அதற்குப் பிறகும் வலி அத்தனை சீக்கிரம் விடவில்லை. தூணில் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஞானம்மாள் அதில் பழைய துணியைச் சுற்றிக் கட்டினாள். தமயந்தி புரண்டாள், ஏசினாள், கஜபதியின் பெயரைச் சொல்லி அழுதாள். டாக்டரின் கைப்பையில் இருக்கிற சீட்டை நினைத்து நாகேந்திரன் ராப்பகலாக நடுங்கினான்.

ஒருநாள் விடிகாலையில் அவன் கண் விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. பதறி எழுந்தான். வாசற்கதவு திறந்திருந்தது. தமயந்தி வெளியே கல்லில் உட்கார்ந்து, மாசக்கணக்கில் சீப்பு படாத முடியை மடியில் போட்டுக்கொண்டு சிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். நுனியிலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்து, சீப்பை உச்சந்தலையில் வைத்து அழுத்தி இழுத்தாள். முகம் சுளிக்கவில்லை.

வலி விட்டதா என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது. கேட்டால் வந்துவிடுமோ என்று கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“இன்னா பாத்துகினே நிக்கற?” என்றாள் தமயந்தி. “போய் எண்ண கொண்டா பாவா. பின்னிக்கணும்.”